பாடகர்: மனைவி

பிப்ரவரி 4

வணக்கம்.

எப்படிக் கூப்பிட்டுத் தொடங்குவது என்று பத்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழையபடி ‘அண்ணி’ என்று எழுதக் கை வரவில்லை. வெறும் வணக்கத்தோடு விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகள் போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். அந்த வீட்டிலிருந்து என்னோடு பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான். வீட்டுக்குப் புதிதாக ஒரு சர்வர் பெட்டி வாங்கி அனுப்பியிருக்கிறாளாம். அண்ணனுடைய பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கிற படம், வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் நீங்கள் அதில் ஏற்றப்போகிறீர்களாம். “ஏத்திட்டா யாரு எங்க இருந்தாலும் போன்லயே பாக்கலாம் அத்தை, உங்களுக்கும் ஒரு பாஸ்வேர்டு தரேன்” என்றாள். உங்கள் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கேட்டே வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது அம்மாவின் குரல். அம்மா பேசுகிற வீடியோ எதுவாக இருந்தாலும் சரி, அதில் ஒரு நகல். அவள் செத்து நான்கு வருடம் ஆகிறது. முகம் நினைவிருக்கிறது, குரல் நழுவிக்கொண்டே போகிறது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் நான். பார்வை மங்கினால் லென்ஸ் மாற்றிக் கொடுப்பேன், இதற்கு என்ன மாட்டுவது?

அவளோடு கடைசியாக மனம் விட்டுப் பேசியது போனில்தான். உங்களுக்கும் தெரியும் எந்தப் பேச்சு என்று. புருஷனை விட்டு வரப்போகிறேன், வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. “தெருவுல விளக்கு இருக்காடி? கதவு என்ன கலரு, தாழ்ப்பாள் கெட்டியா?” என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் அப்படிக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள். மறுநாள் காலையில் அண்ணனும் என் புருஷனும் அந்தப் பச்சைக் கதவின் முன்னால் நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்க்க, என் பெட்டியை அண்ணன் தூக்க, கையை அவன் பிடிக்க, திரும்பிப் போனேன். அதற்குமேல் இரண்டு வருடம் அந்த ஆளோடு. இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அம்மாவிடம் நான் பேசியது காதில் விழுகிற தூரத்தில் அன்று இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். “அண்ணி அடுப்படியில இருக்கா, மெதுவாப் பேசு” என்று அம்மாவே சொன்னாள். நான்தான் மெதுவாகப் பேசவில்லை.

பதில் கடிதத்தில் எழுதுங்கள். அந்த வீட்டு போனை இனித் தொடமாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

பிப்ரவரி 12

உன் கடிதம் கிடைத்தது.

கேட்டதைத் தருகிறேன். ஆனால் உடனே முடியாது. காரணம் சொல்கிறேன்.

உன் அண்ணனின் வேலை அறையை, அவர் போய் எட்டு மாதம் கழித்து இப்போதுதான் திறந்தேன். ஒரு செருப்புப் பெட்டிக்குள் ஏழு ஹார்ட் டிஸ்க்குகள். மேலுறை ரப்பர் உருகி, தொட்டால் விரல் ஒட்டுகிறது. ஒன்றில் வயர் செருகும் துளைக்குள் கரப்பான் முட்டை வைத்திருந்தது. குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் எதையெல்லாமோ புட்டியில் வாங்கி மோந்து பார்த்தவள்தான் நான். இருந்தும் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

உள்ளே இருப்பது அதைவிட மோசம். பதினாலாயிரம் காலை வணக்கப் படங்கள். ஒரே கல்யாணம் மூன்று டிஸ்க்கில் மூன்று பெயரில். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்த தட்டுகள். உன் அப்பாவின் உடலை ஆறு கோணத்தில், ஒன்றில் மூக்குப் பஞ்சு மட்டும் தெரியும்படி அருகில் போய் எடுத்திருக்கிறார். இதையெல்லாம் பத்திரப்படுத்த ஒரு பெட்டி, அதற்கு ஒரு விசிறி, ஒரு பச்சை விளக்கு. மனிதர்களுக்கு எதையும் தூக்கிப் போடத் தெரிவதில்லை.

நான் எதையும் வெட்டி ஒட்டுவதில்லை. நகல் எடுப்பேன், இரண்டு பக்கமும் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு பத்தில் ஒன்றைத் திறந்து சோதிப்பேன். அதற்குப் பிறகே பழையதில் கை வைப்பேன். நேற்று ஒரு ஃபோல்டர் முடிந்தது. ‘வீட்டுப் பாதுகாப்பு’ என்று பெயர். எல்லாம் ஒலிப்பதிவு. அவருடைய ஸ்டுடியோ வேலையாக இருக்கும். இங்கே 2,316, அங்கே 2,316. ஒரு டிஸ்க்குக்கு மூன்று மாலை ஆகிறது. ஏழும் முடிந்ததும் உன் அம்மா இருக்கிற துண்டுகளைப் பிரித்து அனுப்புகிறேன்.

ஒலிப்பதிவாளர் சங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம், நான் பேச வேண்டுமாம். “யாரு என்ன சொன்னாலும் பொறுமையா காது குடுத்துக் கேப்பாரும்மா” என்றார் செயலாளர். எனக்கு அப்படி ஒரு நினைவு இல்லை. வீட்டில் கேட்டதில்லை என்று சொல்லாமல் காபி கொடுத்தேன்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய விஷயத்தைப் பற்றி: நீ என்னைக் கேட்டதே இல்லை. முடிவு செய்துவிட்டுப் போனாய். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

பிப்ரவரி 20

கரப்பான் முட்டை பற்றிப் படித்துவிட்டுக் கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். கண் டெஸ்ட்டுக்கு வந்தவர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பயந்துபோனார்.

அப்பாவின் உடலைப் படம் எடுத்தபோது லைட் பிடித்தது நான்தான். “கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, நிழல் விழுது” என்றான். அப்பாவின் முகத்தில் நிழல் விழுகிறதாம். அந்த ஆறையும் எரித்துவிடுங்கள், நகலே வேண்டாம்.

கேட்காத கேள்வி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க வேண்டுமானால் எங்கள் வீட்டில் எல்லோருமே மனு போட வேண்டியிருந்தது. சரி, நானும் போடுகிறேன். என் பேச்சை அண்ணனிடம் சொன்னது நீங்களா?

ஆம், இல்லை, ஒரு சொல் போதும்.

மார்ச் 2

இல்லை.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனால் ஒரு சொல்லோடு நிறுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை மகள் சொன்னபடி சர்வரைக் கூடத்து ஸ்பீக்கரோடு இணைத்தேன். பாட்டு எல்லாவற்றையும் அதுவே தேடிக் கண்டுபிடித்து, பாடகர்வாரியாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போடுமாம். போட்டது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பழைய பாட்டு முடிந்தது. மூன்றாவதாகக் கூடத்தின் நடுவில் உன் அம்மா பேசினார்.

“அவளா? ஆபீஸ் போயிட்டா. போற அவசரத்துல பாத்திரம் அப்படியே கெடக்கு.”

கையில் இருந்தது அவருடைய பழைய போர்வை. அதைக் கீழே போட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்ததாக என் குரல். என் அம்மாவிடம் பேசுகிறேன். குழந்தை நிற்காமல் போனதே, அந்த இரண்டாவது தடவை, அதைப் பற்றி. இந்த உலகத்தில் என் அம்மா ஒருத்தியிடம் மட்டும் நான் சொன்னது, ஸ்பீக்கரில் பாட்டு மாதிரி ஓடுகிறது. போய்ப் பார்த்தால் திரையில் ‘பாடகர்: மனைவி’ என்று இருக்கிறது. 611 பாடல்கள்.

பாடகர்: அம்மா. பாடகர்: தங்கை. பாடகர்: மனைவியின் அம்மா. ‘வீட்டுப் பாதுகாப்பு’ ஸ்டுடியோ வேலை அல்ல. இந்த வீட்டு போனில் பதின்மூன்று வருடம் யார் யாரோடு பேசினாலும் அது மாடியில் அவர் அறையில் பதிவாகியிருக்கிறது. தேவையில்லாததைக் கழித்துவிட்டு மீதியை வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தேதி, பேசியவர், ஆல்பம் என்ற இடத்தில் வருடம், குறிப்பு என்ற இடத்தில் ‘முக்கியம்’, ‘பயன்படும்’, ‘மறுபடி கேட்க’. இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்திருக்கிறார். என் அழுகை அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. அதற்கு ‘மறுபடி கேட்க’.

அந்தச் சுத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. குடித்துவிட்டு ஒட்டுக்கேட்ட ஆளாக இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எங்களைத் துடைத்து அடுக்கியிருக்கிறார்.

சர்வரின் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் மகள் கூப்பிட்டுவிட்டாள். “அம்மா, பாட்டி பேர்ல ஆல்பம் வந்திருக்கே, பாட்டி பாடுவாங்களா?” பெட்டி பழுது, பிறகு பேசுகிறேன் என்றேன். கைகளைப் பரிசோதனைக்கூட சோப்பில் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

உன் பேச்சை யார் சொன்னார்கள் என்று கேட்டாய். யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மார்ச் 9

அண்ணி,

எழுதிவிட்டேன். இந்தச் சொல் இன்னும் எனக்கு மிச்சம் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கடையில் பாதி படித்தேன், மீதியைக் கழிப்பறையில் போய்ப் படித்தேன். உங்களைப் பதினோரு வருடம் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? ‘ஊமைக் கோட்டான்’ என்றுதான் பெயரே. அதையெல்லாம் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் கடையில் கண்ணாடி மாறிப்போனதற்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அந்தக் குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

எங்கள் அண்ணன்! வெளியில் ஒருவரிடம் அதிர்ந்து பேசாதவன். சீ. என்னுடைய குரலையும் துடைத்து வைத்திருப்பான் இல்லையா? என் புருஷன் என்னை என்ன செய்தான் என்று அம்மாவிடம் நான் அழுததற்கெல்லாம் என்ன குறிப்பு எழுதியிருக்கிறான்? வேண்டாம், சொல்லாதீர்கள்.

பாவம் அம்மா. நம்மைப் போலத்தானே அவளும் ஒன்றும் தெரியாமல் அந்தப் போனில் பேசிக்கொண்டிருந்திருப்பாள். மகனே இப்படி என்று தெரிந்திருந்தால் அன்றே உயிரை விட்டிருப்பாள்.

ஆனால் அண்ணி, ஒன்று யோசித்தேன். யோசிக்கவே வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பேச்சு இருக்கிறது. தெருவில் விளக்கு இருக்கா என்று அவள் கேட்டது அந்த 2,316-க்குள் எங்கேயோ இருக்கிறது. எல்லாவற்றையும் கொளுத்துங்கள், அந்த ஒன்றை மட்டும் எனக்குக் கொடுங்கள். ஜூன் மாதம், பதினேழாம் தேதி. அவன் செய்த அசிங்கத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே நல்லது அது.

மார்ச் 18

உன் அம்மா பேசுகிற மூன்று வீடியோக்களை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் துணி மடிக்கிறார், ஒன்றில் மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறார், ஒன்றில் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ திட்டுகிறார். குரல் தெளிவாக இருக்கிறது.

நீ கேட்ட ஜூன் 17 ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. நகல் எடுக்கும்போது நின்றுவிட்டது. பழைய டிஸ்க்கில் இப்படி நடப்பதுண்டு. வருத்தம்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன் வயர் மாடிக்குப் போகிற இடத்தில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. யாராவது பேசினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். பதின்மூன்று வருடம் வாராவாரம் அதை நான்தான் துடைத்தேன். ஒரே ஒரு தடவை என்னவென்று கேட்டேன். “லைன்ல கரகரன்னு வருதில்ல, அதுக்கு ஃபில்டர்” என்றார். ஊர்த் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடச் சோதிக்காமல் நம்பாதவள் அதை நம்பினேன். நம்பினேனா, கேட்டுக்கொண்டே இருப்பது அலுப்பு என்று விட்டுவிட்டேனா, தெரியவில்லை. ‘நம்மைப் போல’ ஒன்றும் தெரியாமல் என்று எழுதும்போது என்னைச் சேர்த்துக்கொள்ளாதே. அந்த விளக்கு என் கண் முன்னால்தான் எரிந்தது.

மார்ச் 25

அண்ணி,

வீடியோ மூன்றையும் பார்த்தேன். தலை பின்னுகிறதை எட்டு முறை. “ஆடாதடி, குரங்கே” என்று திட்டுகிறாள். அப்படியே அம்மா.

இப்போது உங்கள் பொய்க்கு வருகிறேன்.

பிப்ரவரி 12-ஆம் தேதிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். “இங்கே 2,316, அங்கே 2,316.” எண்ணிக்கையும் அளவும் பார்த்தேன் என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. நடுவில் நின்றுபோன ஃபைல் அளவில் இடித்திருக்கும். உங்களுக்கு இடிக்கும் என்று எனக்கே தெரியும். குழம்பில் உப்பைக்கூடத் தராசில் போட்டவர் நீங்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அதில் இறங்கக் கூடாது அண்ணி.

நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதில் என்ன இருந்தாலும் சரி. நான் எதைக் கேட்கலாம், எது எனக்கு நல்லது என்று அந்த வீட்டு மாடியில் ஒருத்தன் உட்கார்ந்து முடிவு செய்தது போதும். அதே நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள்.

என் குரல் அது. என் அம்மா அது. அனுப்புங்கள்.

ஏப்ரல் 3

நீ சொன்னது சரி. அதே நாற்காலிதான். உண்மையாகவே அதில் உட்கார்ந்துதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுந்துவிட்டேன்.

ஃபைலை அனுப்பியிருக்கிறேன். முழுதாக இருக்கிறது. பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.

அதில் உன் அம்மா “அண்ணி அடுப்படியில இருக்கா” என்று சொல்வதைக் கேட்பாய். நான் அன்று அடுப்படியில் இல்லை. ஒரு குடியிருப்பின் மேல்தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டதாகப் புகார். புழு நெளிகிற மாதிரிகளோடு இரவு எட்டு மணிவரை பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, போய்ப் பார்த்தேன். நீ நம்பமாட்டாய் என்றல்ல. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவு இயல்பாகச் சொல்கிறார்.

பதினோரு நிமிடம் ஆனதும் நீ போனை வைக்கிற சத்தம் வரும். அந்த இடத்தில் நிறுத்திவிடு. உனக்கு வேண்டியது அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

நிறுத்து என்று நான் சொல்லக் கூடாதுதான். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11

அண்ணி,

நிறுத்தவில்லை. நீங்கள் நிறுத்தச் சொன்ன பிறகு யாரால் நிறுத்த முடியும்?

விளக்கு இருக்கா என்று கேட்கிறாள். பதினோரு வருடமாக நான் மனதுக்குள் கேட்ட அதே குரல், அதே இழுப்பு. கதவு என்ன கலரு? பச்சை என்கிறேன், சிரிக்கிறேன்கூட. எந்தப் பக்கத்துச் சந்து? தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா? நான் வரிசையாகச் சொல்கிறேன், பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. “தைரியமா இரு” என்கிறாள். நான் வைக்கிறேன். அவள் வைக்கவில்லை.

இரண்டு மூச்சு. பிறகு:

“டேய். கேட்டியா?”

அதே லைனில், மாடி அறை போனிலிருந்து, “ம்.”

“பச்சைக் கதவு, சலூன் கடைக்குப் பின்னாடி சந்து. இப்பவே போகாத, கத்துவா. காலையில போ. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ, நீ மட்டும் போனா வரமாட்டா.”

“ம்.”

“நான் சொன்னேன்னு இருக்க வேணாம். உம் பொண்டாட்டி சொன்னதா இருக்கட்டும். அவதான் எதுக்கும் வாயத் தொறக்கமாட்டாளே.”

“ம்.”

“சாப்பிட வா. ஆறிடும்.”

கடைசி வரியை எழுதும்போதுதான் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மற்றதைக்கூட, பயத்தில் செய்தாள், ஊர் வாய்க்கு அஞ்சினாள் என்று ஏதாவது சொல்லிச் சமாதானம் ஆகியிருப்பேன். ஆனால் ஆறிடும் என்கிறாளே. அதற்கும் அதே குரல்தான். எனக்கு “தைரியமா இரு” என்றதற்கும், அவனுக்குச் சோறு ஆறிடும் என்றதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இல்லை.

ஆக, அவளுக்குத் தெரியும். முழங்கால் வலியோடு மாடி ஏறாமல் மகனிடம் பேச அந்தப் போன் வசதியாக இருந்திருக்கிறது.

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்ற உறுத்தல் இருந்தது என்று எழுதினேன் இல்லையா? போய்விட்டது. போன இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் பள்ளமாக இருக்கிறது.

அந்த மூன்று வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கை மட்டும் அம்மாவின் கை மாதிரியே இருக்கிறது.

எனக்கு ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உங்கள் முறைப்படியே, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்படி.

ஏப்ரல் 22

அழித்துவிட்டேன். இங்கே பூஜ்யம், அங்கே பூஜ்யம். அதோடு விடவில்லை. ஏழு டிஸ்க்கையும் திறந்து, உள்ளே இருந்த தட்டுகளைக் கழற்றிச் சுத்தியால் வளைத்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தன. ஒவ்வொன்றிலும் என் முகம் தெரிந்தது, பிடிக்கவில்லை. கறுப்புப் பெட்டி அவர் மேசை இழுப்பறையில் பத்திரமாகத் துணி சுற்றி இருந்தது. அதையும்.

மகளுக்கு, உடைப்பதற்கு முன்னால் அவற்றில் ஒன்றிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடப் படங்களையும் உன் அப்பா சைக்கிள் துடைக்கிற வீடியோவையும் மட்டும் ஏற்றியிருக்கிறேன். இவ்வளவு பெரிய பெட்டியில் இவ்வளவுதானா என்றாள். வரச் சொல்லியிருக்கிறேன், நேரில் சொல்கிறேன் என்றேன். அவளுடைய குரலும் அதில் இருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டும். மறைப்பதில் எனக்கு இருந்த திறமையை நீயே பார்த்துவிட்டாய்.

சங்கத்தில் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் விடவில்லை. “அவரோட அரிய பதிவுகள் ஏதாவது இருந்தா குடுங்கம்மா, பாதுகாத்து வைக்கலாம்.” அவர் பாதுகாத்ததே போதும் என்றேன். புரியவில்லை அவருக்கு. கதவைச் சாத்தினேன்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். செய்திருக்க வேண்டாம், ஆனால் எண்ணாமல் எதையும் கழிக்க எனக்குத் தெரியாது. ‘பாடகர்: தங்கை’ என்பதில், நீ கூப்பிட்டு போனை நான் எடுத்த பேச்சுகளைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன். உன் அம்மாவிடம் கொடுப்பதற்கு முந்தைய நான்கைந்து விநாடிகள் மட்டும். நூற்று நாற்பத்து மூன்று.

எல்லாவற்றிலும் முதலில் நீதான் பேசுகிறாய். “அண்ணி, சாப்பிட்டீங்களா?” வெயில் காலத்திலும் மழையிலும், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரமும், அழுகையை அடக்கிக்கொண்டு கூப்பிட்ட நாளிலும். நூற்று நாற்பத்து மூன்று தடவையும் நான் “இரு, குடுக்கறேன்” என்கிறேன். வேறு ஒரு சொல் இல்லை. ஒரு தடவைகூட இல்லை. தட்டை நகர்த்துகிற மாதிரி ஒரு குரல். வாயைத் திறக்கமாட்டாள் என்று உன் அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. என்மேல் அந்தப் பழியைத் தூக்கி வைக்க அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தது நான்தான். அவர்கள் இருவர்மேலும் வந்த அருவருப்பில் ஒரு பங்கை எனக்கும் எடுத்து வைத்துக்கொண்டேன். சரியான அளவுதான், குறைக்க வேண்டாம்.

இந்த வீட்டு போன் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். சுவரில் நான்கு திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டேன். நீ சாப்பிட்டாயா?

அண்ணி